ஏழு வருடங்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

தம்பி போய் ஒரு மாதம் ஆகிறது. வந்து நின்றவர்கள், வர முடியாமல் போனில் அழுதவர்கள், என்ன சொல்வதென்று தெரியாமல் என் கையை மட்டும் பிடித்துக்கொண்டு போனவர்கள், எல்லோருக்கும் நேரில் நன்றி சொல்லத்தான் நினைத்தேன். முடியவில்லை. அதனால் இந்த மடல்.

அஞ்சலி செலுத்திய எல்லோரும் அவனை 'ராணுவ வீரன்' என்றே சொன்னீர்கள். எங்களுக்கு அது பெருமைதான். ஆனால் அவன் சீருடையில் இருந்தது 5 வருடம். 24 வயதில் கண்ணிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்து வீடு வந்தான். அதற்கப்புறம் மாரடைப்பு வந்த அந்த ராத்திரி வரை, 7 வருடம் எங்களோடு இருந்தான். அந்த 7 வருடத்தை அவன் வாழும்படி செய்தவர்களுக்குத்தான் நான் முக்கியமாகக் கடன்பட்டிருக்கிறேன்.

முதலில், அவனைத் தூக்கி வந்த நண்பருக்கு. தொடையில் பட்டையை இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைப் பேனாவால் அவன் நெற்றியில் எழுதினீர்கள். ரத்த ஓட்டம் நின்று எவ்வளவு நேரம் ஆகிறது என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக அப்படி எழுதுவது வழக்கமாம். 6.40. ஒவ்வொரு வருடமும் அதே நாள், காலை 6.40-க்கு உங்கள் போன் வரும். "எந்திரிச்சிட்டியாடா?" என்பீர்கள். "எந்திரிச்சிட்டேன்டா" என்பான். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வருடமும் கூப்பிடுங்கள் தம்பி. நான் எடுக்கிறேன்.

அவன் வீட்டுக்கு வந்த புதிதில் எங்களை மிகவும் கலங்கடித்தது இல்லாத காலின் வலி. நடு ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, "அக்கா, கட்டைவிரல் உள்ளே மடங்கிக் கெடக்கு, நிமிர்த்த முடியல" என்பான். அங்கே விரலே இல்லை. மனம் பேதலித்துவிட்டதோ என்று அம்மா பயந்தார். அவனுக்கும் அந்தப் பயம் இருந்தது என்று பிறகுதான் சொன்னான். இயன்முறை மருத்துவராக வந்த நீங்கள்தான் அவனிடம் பொறுமையாகப் பேசினீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த வீரர்களிடம் இதே வலியைப் பார்த்து, சைலஸ் வெய்ர் மிட்செல் என்ற மருத்துவர் 1871-லேயே அதற்குப் பெயர் வைத்துவிட்டார் என்றீர்கள். "அப்ப எனக்கு மட்டும் இல்ல" என்றான். எனக்கு இன்னும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

அப்புறம் அந்த நிலைக்கண்ணாடி. நம் நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கண்டுபிடித்த வழி. கண்ணாடியை இரண்டு கால்களுக்கும் நடுவே நிறுத்தி, நல்ல காலை மட்டும் அசைக்க வேண்டும். பிம்பத்தில் பார்த்தால் இழந்த கால் அசைவது போலத் தெரியும். எல்லோருக்கும் இது பலன் தராது என்று முன்கூட்டியே சொன்னீர்கள், அந்த நேர்மைக்கும் நன்றி. பதினோராம் நாள் அவன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே "நிமிந்துடுச்சுக்கா" என்றான். நானும் அவனும் தரையில் உட்கார்ந்து அழுதோம்.

தெருப் பிள்ளைகளே, உங்களை மறக்கவே மாட்டேன். பட்டாசு வாங்கினால் முதலில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, "அண்ணா, பத்து நிமிஷத்துல வெடிக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டுப் போவீர்கள். சத்தத்தைவிட, எதிர்பாராத சத்தம்தான் அவனை உலுக்கும் என்று உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ. எத்தனையோ பெரியவர்கள் "எத்தனை பேரைச் சுட்டே?" என்று கேட்டிருக்கிறார்கள். நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

நீச்சல் மாஸ்டர், 1965 போரில் குண்டடிபட்டு, 1972 ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வென்ற முரளிகாந்த் பேட்கரின் கதையைச் சொல்லித்தான் அவனைத் தண்ணீரில் இறக்கினீர்கள். அவன் பதக்கம் எதுவும் வாங்கவில்லை. ஆனால் செயற்கைக் காலைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் போகும்போது அவன் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அது போதும்.

ஓய்வூதியக் காகிதங்களுக்காக அலைந்த காலத்தில் கூடவே வந்தவர்களுக்கும், அவனுக்கு வேலை கொடுத்து, கூடுதல் சலுகை எதுவும் காட்டாமல் மற்றவர்களைப் போலவே வேலை வாங்கியவருக்கும் நன்றி. அதைத்தான் அவன் விரும்பினான்.

அந்த ராத்திரி எங்கள் யாருக்கும் புத்தி வேலை செய்யவில்லை. அவன் கண்தானத்துக்குப் பதிந்து வைத்திருந்ததை நினைவுபடுத்தியது பக்கத்து வீட்டு அக்காதான். 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்று போன் செய்ததும் நீங்களே. மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு இன்னொரு தலையணை வைத்தீர்கள். வந்த குழுவினர் வேலையைத் தொடங்கும் முன் அவனைப் பார்த்துக் கைகூப்பினார்கள். கருவிழிகள் யாருக்குப் போயின என்று நாங்கள் கேட்கவில்லை.

கடைசியாக ஒருவருக்கு. காலின் மிச்சப் பகுதிக்கு மாட்டும் பருத்தி உறைகளைத் தினமும் ராத்திரி அவனே துவைத்துப் போடுவான். பொழுது ஏற ஏறத் தசை சுருங்கி, செயற்கைக் கால் தளர்ந்துவிடும். அதனால் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட ஐந்தாறு வேண்டும். அன்றும் துவைத்துப் போட்டிருந்தான். எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் கொடியைப் பார்த்தால், காலியாக இருந்தது. உறைகள் அலமாரியில், அவன் எப்போதும் வைக்கிற தட்டில், இரண்டிரண்டாக மடித்து இருந்தன. வீட்டில் எல்லோரையும் கேட்டுவிட்டேன். யாரும் இல்லை என்கிறார்கள்.

நீங்கள் யாரோ, நன்றி.

இப்படிக்கு,
அவன் அக்கா