காசு கொடுத்து விழுந்தவள் எழுதுவது

அண்ணா,

இன்றோடு ஒரு வருடம் ஆகிறது. எதற்கு என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அன்று ராத்திரி போனில் நீ சொன்னது ஒரே வாக்கியம். அதற்குப் பதில் எழுத எனக்கு இத்தனை நாள் பிடித்திருக்கிறது.

"மரத்துல இருந்து உழுந்தவன் கெடக்கற ஊட்டுல, நீ காசு குடுத்து உழுந்துட்டு வந்திருக்கறயா அம்மிணி?"

அப்புறம் போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டாய். அன்றிலிருந்து நான் எப்போது கூப்பிட்டாலும் போன் அண்ணியிடம்தான் இருக்கிறது.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். போனைக் கை மாற்றிவிடலாம். இதை நீ ராத்திரி தூக்கம் வராதபோது தனியாகப் படிப்பாய் என்று தெரியும். ஊரில் பாதிப் பேர் படிப்பார்கள் என்பதும் தெரியும். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி என்று நம் சொந்தபந்தம் எல்லார் கையிலும் போன் இருக்கிறது. சித்தி, நீங்களும்தான் படிக்கிறீர்கள், வணக்கம். ஆகவே சில இடங்களில் பாதி சொல்லி நிறுத்துவேன். மீதி உனக்குத் தெரியும்.

முதலில் மன்னிப்பு. உன்னிடம் சொல்லாமல் செய்தேன். யாரோ அந்த வீடியோவைக் குடும்பக் குரூப்பில் போட, நீ அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டாய். அது தப்பு. விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதித்தது தப்பில்லை. இரண்டையும் தனித்தனியாக எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஈரத்துணி மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன. சொல்லியிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய், நானும் கேட்டிருப்பேன். கேட்டுவிடுவேன் என்பதால்தான் சொல்லவில்லை. இது மன்னிப்பா, சாக்கா என்று நீயே முடிவுசெய்துகொள்.

அந்த வீடியோ மொத்தம் பதினெட்டு நொடி. மணலில் நான் உருள்வதும், சுற்றி நின்றவர்கள் கை தட்டிச் சிரிப்பதும்தான் அதில் இருக்கிறது. அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன்.

துபாயிலிருந்து அல் ஐன் போகிற சாலையில் மர்காம் பக்கம் பாலைவனம். அங்கே ஏழு முறை பயிற்சியாளர்களோடு குதித்திருந்தேன். முதலில் இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு வருவார்கள். அப்புறம் ஒருவர். அப்புறம் அவரும் கையை விட்டுவிட்டுப் பக்கத்தில் பறந்தபடி பார்த்துக்கொண்டு வருவார். எட்டாவது தனி. கூட ஆள் கிடையாது, 'இடது, வலது, இப்போ இழு' என்று ஹெல்மெட்டுக்குள் சொல்லும் ரேடியோவும் கிடையாது.

காலையில் ஆறு மணிக்கே போய்விட்டேன். பத்து மணி வரைக்கும் காற்று விடவில்லை. மாணவர்களுக்கு மணிக்கு 14 மைல்தான் வரம்பு, நம் கணக்கில் சுமார் 22 கிலோமீட்டர். அதற்கு மேல் அடித்தால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். கம்பத்தில் கட்டியிருந்த காற்றுப்பையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பாலக்காட்டுக் கணவாயில் பிறந்தவளுக்குக் காற்றைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டுமா? ஆடியில் மேற்கே இருந்து வரும், மார்கழியில் கிழக்கே இருந்து வரும், தென்னை எந்தப் பக்கம் தலை சாய்க்கிறது என்று பார்த்துத்தானே வளர்ந்தோம். அப்போதுதான் ஒன்று தோன்றியது. 2014 ஆடியில், நீ மரத்திலிருந்து விழுந்த அன்று, உன்னைப் பார்த்து 'இன்னைக்கு வேண்டாம், இறங்கு' என்று சொல்ல யார் இருந்தார்கள்? ஒன்றிரண்டு நாள் பாளை சீவாமல் விட்டால் கள் சுரப்பு அடங்கிவிடும். மரத்துக்கு லீவு கிடையாது. அதிலும் அந்த வருடம் நீ பத்து மரம் கூடுதலாக எடுத்திருந்தாய். எதற்காக என்று நம் இருவருக்கும் தெரியும். அதை இங்கே எழுதமாட்டேன்.

சரி, பத்தரைக்கு விட்டார்கள். 13,000 அடியில் கதவு திறந்தது. அங்கிருந்து 5,500 அடி வரைக்கும் கிட்டத்தட்ட முக்கால் நிமிடம், மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தேன். எல்லாரும் அந்த முக்கால் நிமிடத்தைத்தான் கேட்கிறார்கள். சொல்ல ஒன்றுமில்லை. காதை அடைக்கும் இரைச்சல், அவ்வளவுதான். ராட்டினத்தில் வயிற்றைக் கவ்வுகிற மாதிரிகூட இல்லை.

ஒரு கணக்கு மட்டும் போட்டு வைத்திருக்கிறேன், கோபப்படாதே. 50 அடி மரத்திலிருந்து தரைக்கு வர ஒன்றேமுக்கால் நொடி. ஆஸ்பத்திரியில் நீ ஒருமுறை, "ரொம்ப நேரம் உழுந்துட்டே இருந்த மாதிரி இருந்துச்சு" என்றாய். வலி மருந்தின் உளறல் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. முக்கால் நிமிடம் விழுந்தது எனக்குப் பாதிகூட நினைவில்லை. கடைசி மூன்று நொடி அணு அணுவாக நினைவில் இருக்கிறது.

பாராசூட் ஒழுங்காக விரிந்தது. பள்ளிப் புத்தகத்தில் வருகிற வட்டக் குடை இல்லை அது. நீளச் சதுரமாக, மெத்தைபோல அறை அறையாகத் தைத்திருப்பார்கள். முன்பக்கத்து வாய் வழியாகக் காற்று புகுந்து உப்பிக்கொள்ளும். இரண்டு கைக்கும் இரண்டு கைப்பிடி. இடதை இழுத்தால் இடது, வலதை இழுத்தால் வலது. முதுகில் இன்னொரு பாராசூட்டும் இருந்தது. நான் மயங்கிப்போய் எதையும் இழுக்காமல் விழுந்துகொண்டிருந்தால் அதைத் தானே திறந்துவிட ஒரு கருவியும் உள்ளே இருந்தது. இதைச் சொல்லும்போது கூச்சமாக இருக்கிறது. எனக்கு இவ்வளவு இருந்தது, உனக்கு மரத்தில் தேங்காய்மட்டையைக் கயிறு போட்டுக் கட்டிய படிதான் இருந்தது. ஆனால் நானும் ஒன்று கேட்கலாம் இல்லையா? 2011-இல் தென்னை வளர்ச்சி வாரியம் மரமேறும் கருவியில் பயிற்சி கொடுக்கத் தொடங்கியபோது போய்ப் பார் என்று எத்தனை முறை சொன்னேன்? கருவி வேண்டாம், ஒரு பெல்ட்டாவது கட்டு என்று அம்மா கெஞ்சவில்லையா? "பெல்ட்டைக் கட்டிட்டு நாளைக்கு எத்தனை மரம் ஏற முடியும், நீ ஏறிப் பாரு" என்று சிரித்தாய். எழுதிவிட்டேன். ஊர் படிக்கட்டும்.

விரிந்த பிறகு ஒரே அமைதி. நாலைந்து நிமிடம் அப்படி மிதந்து வந்தேன். 1,000 அடி வரும்போது காற்றோடு போக வேண்டும், 600-இல் குறுக்கே திரும்ப வேண்டும், 300-இல் காற்றுக்கு முகம் கொடுக்க வேண்டும். அதற்குக் கீழே திரும்பவே கூடாது. திரும்பினால் பாராசூட் சரிந்து பாயும். நன்றாக விரிந்த பாராசூட்டின் கீழே கால் ஒடிந்தவர்கள் பலர் கடைசி நேரத்தில் திரும்பப் போனவர்கள்தான். மணிக்கட்டில் உயரம் காட்டும் கருவி இருந்தது. அதைப் பார்த்து மூன்று திருப்பமும் சரியாகச் செய்தேன். காற்றுக்கு முகம் கொடுத்தபோது உன் குரல்தான் கேட்டது. சின்ன வயதில் தோப்பில் சொல்வாயே, "காத்து வர்ற பக்கம் மூஞ்சிய வெச்சுக்க, முதுகக் காட்டாத."

கடைசிக் கட்டம்தான் கஷ்டம். தரைக்கு இரண்டு ஆள் உயரம் இருக்கும்போது இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து இடுப்புக்குக் கீழே வரை இழுக்க வேண்டும். பாராசூட் வேகம் அடங்கி, படியிலிருந்து இறங்குகிற மாதிரி தரையில் விடும். அந்த இரண்டு ஆள் உயரம் வந்துவிட்டதா என்று கருவி சொல்லாது, கண்தான் சொல்ல வேண்டும். என் கண்ணுக்கு உயரம் என்றால் மரம். (படிக்கிறவர்களுக்கு ஒரு வரி: தமிழ்நாட்டில் 1987-இல் கள்ளுக்குத் தடை வந்த பிறகு பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி வந்து கேரளத்துச் சித்தூர்த் தாலுக்காவில் மரம் ஏறியவர்களில் எங்கள் அப்பாவும் ஒருவர். எங்கள் வீட்டில் கோயில் கோபுரத்தையே 'ஒன்றரை மரம்' என்றுதான் சொல்வோம்.) அங்கே பாலைவனத்தில் ஒரு மரம் இல்லை. ஒரு சுவர், ஒரு மாடு, எதுவும் இல்லை. மணல், எங்கே பார்த்தாலும் ஒரே நிறத்தில் மணல். நேர் கீழே பார்க்காதே, தூரத்தில் பார் என்று ஏழு முறை சொல்லியிருந்தார்கள். நான் கீழே பார்த்தேன். தரை திடீரென்று எழுந்து வருகிற மாதிரி இருந்தது. இழுத்துவிட்டேன்.

சீக்கிரம் இழுத்துவிட்டேன். பாராசூட் நடுவானில் நின்றுவிட்டது. கீழே இன்னும் உயரம் இருக்கிறது.

இங்கேதான் அண்ணா, நான் சொல்ல வந்த விஷயம்.

உயரத்தில் இழுத்துவிட்டால் விடக்கூடாது. விட்டால் பாராசூட் முன்னால் பாய்ந்து ஆளைத் தரையில் அறையும். இழுத்தது இழுத்தபடி பிடித்துக்கொண்டு, காலைச் சேர்த்துவைத்து, வருவதை வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்வேன். ஆனால் கை விடப் பார்த்தது. நான் விடச் சொல்லவில்லை, கை தானாக விடப் பார்த்தது. விரல்கள் திறக்கப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், யாரோ ஒருத்தியின் கை மாதிரி. வாராவாரம் கயிற்றில் தொங்கவிட்டு 'பிடி, பிடி, பிடி' என்று அலுத்துப்போகும் வரை பழக்கியிருந்ததால் அது மூடிக்கொண்டது. வேறு காரணம் ஒன்றுமில்லை. என் சாமர்த்தியம் எதுவும் அதில் இல்லை.

பதினோரு வருடமாக நான் உன்னிடம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. கலயம் நழுவியபோது மரத்தைப் பிடித்திருந்த கையை ஏன் விட்டாய்? ஒரு கலயத்துக்காகவா? நான் கேட்டதில்லை, ஆனால் உன் காதில் விழுந்திருக்கும். உனக்குச் சோறு போடும்போது, பணம் அனுப்பும்போது, உன் முதுகைத் துடைக்கும் அண்ணியைப் பார்க்கும்போதெல்லாம் என் முகத்தில் அது இருந்திருக்கும். நீ அதைப் படிக்காமல் இருந்திருக்கமாட்டாய். அந்தக் கேள்வியை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ விடவில்லை. கை விட்டது.

அப்புறம் விழுந்தேன். பாதம், ஆடுசதை, தொடை, இடுப்பு, தோள் என்று சொல்லித்தந்த வரிசையில் உருண்டேன். வாயெல்லாம் மணல். வீடியோ அங்கேதான் தொடங்குகிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள், நான் எழுந்திருக்காமல் கிடக்கிறேன். சிரிப்பு தாங்காமல் கிடக்கிறாள் என்று குரூப்பில் யாரோ எழுதியிருந்தார்கள். நான் கால்விரலை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வலது, அப்புறம் இடது. ஷூ போட்டிருந்ததால் அது தெரியாது.

உன்னைக் கேலி செய்யவில்லை என்பதற்கு இதற்கு மேல் என்ன சொல்வது?

ஆனால் ஒன்று. உன் ஒரு வாக்கியத்துக்காக எட்டோடு நிறுத்தினேன். ஒரு வருடம். நீ விழுந்தது உன் முதுகோடு நிற்கவில்லை அண்ணா. மொட்டைமாடிக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாய். உன் பையன் மாமரத்தில் ஏறினான் என்று மூன்று நாள் அவனோடு பேசவில்லை. இங்கே பதினாலாவது மாடியில் இத்தனை வருடம் நான் திரைச்சீலையைத் திறந்ததே இல்லை. அது உன்னிடமிருந்து வாங்கிக்கொண்ட பயம். அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன் என்று வைத்துக்கொள். இதில் அழகான வார்த்தை எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. கோபம் இருக்கிறது, அதையும் எழுதிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். நாளைக்கு இந்தப் பத்தியை எடுத்துவிட்டாலும் எடுத்துவிடுவேன்.

இந்த முறை உன்னிடம் முதலில் சொல்கிறேன். அடுத்த மாதம் மறுபடி போகிறேன். ஒரு வருடம் விட்டதால் பாடத்தைத் திரும்பப் படித்து, பயிற்சியாளரோடு ஒருமுறை குதித்துக் காட்டினால்தான் தனியாக விடுவார்கள். முதல் லைசென்ஸுக்கு 25 குதிப்பு வேண்டும், எனக்கு இன்னும் பதினேழு இருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் முடியுமா, தெரியாது. நீ சம்மதிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் பொங்கலுக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் இறங்கி, வேலந்தாவளம் வழியாகப் பஸ்ஸிலேயே வந்துவிடுவேன், வண்டி அனுப்ப வேண்டாம். அண்ணியிடம் மீன்குழம்பு வேண்டாம், கொள்ளுப்பருப்பு போதும் என்று சொல். அப்புறம் மாடிச் சாவியை எடுத்து வெளியே வை. துருப்பிடித்திருந்தால் பையனிடம் சொல்லி ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடச் சொல்.

உன்,
அம்மிணி