வெங்காயத்தாளின் நிறத்துக்கு ஒரு சொல்

தாவரவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கித் தருபவர்களுக்கு, கோண்டாவிலிலிருந்து ஒரு தோட்டக்காரனின் வணக்கம்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற மகள் போன கிழமை ஒரு சொற்பட்டியலைக் காட்டினாள். 'குளோக்கஸ்' (glaucous) என்ற ஆங்கிலத் தாவரவியற் சொல்லுக்கு நேரே 'நீலப்பச்சை' என்று இருந்தது. "அப்பா, அப்ப மயில் கழுத்தின்ர நிறமோ?" என்று கேட்டாள்.

வெங்காயத் தறைக்குக் கூட்டிப்போய், ஒரு தாளைப் பெருவிரலால் உருவச் சொன்னேன். விரல் போன வழியில் மட்டும் கடும்பச்சை மினுங்கியது. மற்ற இடமெல்லாம் பழைய மங்கல். அந்த மெழுகுப் பூச்சும் அது தருகிற சாம்பல் கலந்த நீல மங்கலும் சேர்ந்ததுதான் 'குளோக்கஸ்'. மருந்தடிக்கிறவர்களுக்கு இது நல்லாய்த் தெரியும். ஒட்டுப்பசை கலக்காவிட்டால் துளி தாளில் நிற்காது, உருண்டு மண்ணில் விழும்.

சொல் இலத்தீனின் 'கிளௌக்குஸ்'. அதுவும் கிரேக்கத்தின் 'கிளௌக்கோஸ்' என்பதிலிருந்து வாங்கியது. கிரேக்கர் அதை முதலில் மினுக்கத்துக்குச் சொன்னார்கள், பிறகு கடலுக்கும் வெளிர்ந்த கண்ணுக்கும். கண் கிளினிக்கில் எங்கள் கிழவர்களைப் பயமுறுத்தும் குளுக்கோமாவும் இதே வேர்தான். இலத்தீன் கவிஞர்கள் வில்லோ மரத்தின் இலைக்குச் சொன்னார்கள். தாவரவியலாளர் பெயர்களிலேயே வைத்துவிட்டார்கள்: நிக்கோட்டியானா கிளௌக்கா, எங்கள் புகையிலைக்கு உறவுக்காரச் செடி, மங்கல் இலைக்காரி.

இதை 'நீலப்பச்சை' என்றால் பூச்சு போய்விடுகிறது. திராட்சைக் குலையின் மேல் வெள்ளையாய்ப் படிந்திருப்பதும் இதுதான். கறுத்தப் பழத்தில் பச்சைக்கு எங்கே போவது? (அதை முழுக்க மருந்து என்று நினைத்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. எதற்கும் கழுவித்தான் சாப்பிட வேண்டும், அது வேறு கதை.)

தமிழுக்குச் சொல் இல்லாமல் இல்லை. தணலின் மேல் சாம்பல் படிந்தால் 'நீறு பூத்த நெருப்பு' என்கிறோம். அதே மெழுகு மாவாய்ப் படிந்த காய்க்கு எங்கள் சனம் 'நீற்றுப்பூசணி' என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டது. அப்ப 'நீறுபூத்த இலை', 'நீறுபூத்த காய்' என்று போட என்ன தடை? சாம்பல் நிறம் என்று மட்டும் பிள்ளைகள் விளங்கிவிடுவார்கள் என்றால், பக்கத்தில் 'மெழுகு படிந்து மங்கிய' என்று ஒரு வரி போடுங்கள்.

மகளின் பட்டியலில் பென்சிலால் திருத்திவிட்டோம். அடுத்த பதிப்பில் நீங்கள் மையால் திருத்துங்கள்.