ஏரிக்கரை மட்டக்குதிரைகளுக்காக: நுவரெலியா மாநகர சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதல்வர், உறுப்பினர்கள், அதிகாரிகள் அனைவருக்கும் வணக்கம்.

ஏப்ரல் சீசன் நெருங்கினால் கிரகரி ஏரிக்கரையில் குதிரைச் சவாரி களைகட்டும். கூடாரமோ மேளமோ இல்லாததால் இதை யாரும் சர்க்கஸோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. 1998இல் இந்தியா கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைக் காட்சிக்குப் பழக்கத் தடை விதித்தது. அந்தப் பட்டியலில் குதிரை இல்லை. குதிரை சுமக்கவே பிறந்தது என்று நாமும் நம்பிவிட்டோம். எவ்வளவு சுமக்கும் என்று கேட்பவர் குறைவு.

சேணத்தையும் சேர்த்து, தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குதிரையின் முதுகில் ஏறக்கூடாது. எடை பார்க்கத் தராசு வேண்டியதில்லை, தையல்காரரின் அளவு நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை எடுங்கள். தோள் முனையிலிருந்து பிட்டத்து முனை வரை நீளத்தை எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,877ஆல் வகுத்தால் கிலோக் கணக்கு ஏறத்தாழ வரும். சுற்றளவு 135, நீளம் 130 சென்றிமீற்றர் என்றால் எடை சுமார் 200 கிலோ. அது சுமக்கக்கூடியது 40 கிலோ. சேணம் 8 கிலோ என்றால் மிச்சம் 32. பள்ளிக்கூடப் பிள்ளை ஏறலாம், அப்பா ஏறக்கூடாது.

அடுத்தது தீனி. இதில்தான் கூடுதல் தவறு நடக்கிறது. 200 கிலோ குதிரைக்கு நாளுக்கு 4 கிலோ காய்ந்த புல் வேண்டும். பச்சைப் புல் என்றால் 16 முதல் 20 கிலோ வரை. குதிரையின் இரைப்பை சிறியது, அமிலம் ஓயாமல் ஊறும். காலையில் ஒரு கட்டு, இரவில் ஒரு கட்டு என்று போட்டுவிட்டு நடுவில் எட்டு மணித்தியாலம் வெறும் வயிற்றில் நடக்கவிட்டால் இரைப்பை புண்ணாகும். நம்மூரில் மலிவாகக் கிடைக்கும் மரக்கறிக் கழிவு இன்னும் மோசம். கோவா (முட்டைக்கோஸ்) இலை வாயுவைக் கிளப்பும். லீக்ஸ் வெங்காயச் சாதி, இரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பச்சை படிந்த உருளைக்கிழங்கு நஞ்சு. வெட்டிக் குவித்த புல் சூடேறிப் புளித்தால் வயிற்றுச் சூலை வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, தின்றது உள்ளேயேதான் கிடக்கும். களைநாசினி அடித்த தேயிலை மலையில் அறுத்த புல்லை எந்தக் காரணம் கொண்டும் போடாதீர்கள்.

ஓய்ந்து நிற்கும் 200 கிலோ குதிரையே நாளுக்கு 10 லீற்றர் அளவில் தண்ணீர் குடிக்கும், உழைக்கும் குதிரைக்கு அதற்கு மேலும் வேண்டும். ஏரி பக்கத்தில் இருப்பதால் அது வயிறாரக் குடித்துவிட்டது என்று ஆகிவிடாது. சவாரி நிற்கும் இடத்திலேயே சுத்தத் தண்ணீர் வாளியில் இருக்கவேண்டும்.

குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை செதுக்கவேண்டும். நமது மழையில் தரை ஈரமாகவே கிடந்தால், குளம்பின் அடியில் உள்ள மெத்தென்ற முக்கோணப் பகுதி கறுத்து அழுகி நாறும். அந்த நாற்றம் இருந்தால் அன்று சவாரி வேண்டாம். வார் உராயும் இடத்தில் மயிர் உதிர்ந்திருந்தாலும் அப்படியே.

1907ஆம் ஆண்டின் விலங்குக் கொடுமைத் தடுப்புக் கட்டளைச்சட்டம் எழுதிய உச்ச அபராதம் 100 ரூபா. அந்தத் தொகைக்கு இன்று யாரும் அஞ்சமாட்டார்கள். சபையின் அனுமதிப்பத்திரத்துக்குத்தான் அஞ்சுவார்கள். ஆகவே நாம் கேட்பது இதுதான்: ஒவ்வொரு குதிரைக்கும் எண் கொடுங்கள், அளந்த எடையைப் பதியுங்கள், சுமக்கும் அளவைச் சவாரி இடத்தில் பலகையில் எழுதிவையுங்கள். நாளுக்கு நான்கு மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, மணிக்கொருதரம் சேணத்தைக் கழற்றவேண்டும். அரச கால்நடை வைத்தியர் பார்த்துக் கையொப்பமிடாத குதிரைக்கு அனுமதி வேண்டாம். பலவீனமானதும் கருவுற்றதும் வரிசையிலேயே நிற்கக்கூடாது.

குதிரைக்காரர்களும் நம்மவர்கள், அவர்கள் வீட்டு அடுப்பும் இதில்தான் எரிகிறது. அதனால்தான் ஒரே நாளில் தடை கேட்கவில்லை. ஆனால் இந்த நிபந்தனைகளைத் தாங்க முடியாத தொழில், பிள்ளைகளின் பத்து நிமிடச் சந்தோசத்துக்காக நடக்கக்கூடாது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. சீசன் முடிந்தபின் குதிரைகள் தெருவில் குப்பை தின்று, இரவில் வாகனத்தில் அடிபடுகின்றன. அனுமதி கொடுக்கும்போதே மற்ற மாதங்களுக்கான தொழுவத்தையும் தீனியையும் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கால்நடை பராமரிப்பில் இருக்கும் மலையகத்தார்