கொண்டிச் சத்தமும் கோரைப்பாயும்

சேரன்மகாதேவி,
பங்குனி 22

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. இவருக்குக் கண்ணில் புரை எடுத்ததால் சொட்டு மருந்தும் கையுமாகவே நாள் போயிற்று. இப்போது கறுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார், நன்றாக இருக்கிறார். பிசான நெல் அறுப்பு முடிந்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் இறங்கிவிட்டாலும் குளிக்கக் குறைவில்லை.

உன் ராஜாவைப் பற்றி எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். ஒன்பது மாத ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்க்குட்டி, யார் வந்தாலும் ஓயாமல் குரைக்கிறது, பால்காரர் திரும்பி நடந்தால் பின்னாலேயே போய்க் குதிகாலைக் கவ்வப் பார்க்கிறது, மே மாதம் சென்னையிலிருந்து பேரப்பிள்ளைகள் வருவதற்குள் யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். கொடுத்துவிடாதே, கோமதி. உனக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நான் பட்டதையும் அப்புறம் கற்றுக்கொண்டதையும் எழுதுகிறேன், உனக்கு ஆகிறதை எடுத்துக்கொள்.

மணி எங்களிடம் வந்த கதை உனக்குத் தெரியும். தங்கை மகன் பெங்களூரில் பிளாட்டில் வாங்கி வளர்த்த பார்டர் கோலி இன நாய். முடியாமல் இங்கே கொண்டுவந்து விட்டான். நம் ஊர் வீடு எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. விடிந்தால் வாசல் திறந்தே கிடக்கும். கீரைக்காரி, கேஸ் சிலிண்டர் போடுகிறவர், தபால்காரர், அடுத்த வீட்டு ஆச்சி என்று யாரும் ஒரு குரல் கொடுத்துவிட்டு வாசலை அடுத்த தார்சாவுக்கு நேரே வந்துவிடுவார்கள். மணிக்கோ ஒவ்வொருவரும் ஒரு படையெடுப்பு. முதல் வருஷம் முழுக்க நாங்கள் "ஏய், சும்மா கிட" என்று கத்தினதுதான் மிச்சம்.

போன வைகாசியில் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வீடு நிறைய ஆள். பெரியவர்கள் பட்டாசாலில், பிள்ளைகள் முற்றத்தில். பிள்ளைகள் ஓட ஆரம்பித்ததும் மணி சத்தமே போடாமல் அவர்களைச் சுற்றிச் சுற்றி ஓடினான். விளையாடுகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நான் பார்க்கும்போது எட்டுப் பிள்ளைகளும் கிணற்றடி மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள், இவன் எதிரே தலையைத் தாழ்த்திக்கொண்டு நிற்கிறான். என் மதினியின் பேரன் பயந்துபோய் விலகி ஓடினான். ஒரே பாய்ச்சல். குதிகாலில் இரண்டு பல் பதிந்து ரத்தம் வந்துவிட்டது.

ஆச்சி மஞ்சள்பொடியைக் கொண்டு ஓடிவந்தாள். நான் வைக்கவிடவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவினேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியும் ஆரம்பித்தாயிற்று. மணிக்கு வருஷா வருஷம் போட்டிருந்தாலும், கடிபட்டவர் ஒரு ஊசிகூட விடாமல் போட்டு முடிப்பதுதான் நல்லது. ரேபிஸ் வந்துவிட்டால் வைத்தியமே கிடையாது, வராமல் தடுக்கத்தான் முடியும். இதை உன் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வை. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் காயத்தில் வைக்கக் கூடாது.

அன்று ராத்திரி நான் மணியைத் துடைப்பத்தால் அடித்தேன். இன்றைக்கும் அது எனக்குத் தாங்கவில்லை. அதற்கு முன்னால் யாராவது நெருங்கினால் உறுமுவான். அடித்த பிறகு உறுமுவதை விட்டுவிட்டான், அதுதான் இன்னும் ஆபத்தாகப் போயிற்று. உறுமல் என்பது "கிட்டே வராதே" என்று அது சொல்லுகிற சொல். அதை நானே பிடுங்கிவிட்டேன். மதினி அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

புரட்டாசியில் கார் நெல் அறுப்பு முடிந்து கால்வாய்க்கரைப் பக்கம் ஒரு கோனார் ஆட்டுக்கிடை போட்டிருந்தார். விடியற்காலையில் மணியைப் பிடித்துக்கொண்டு அந்த வழியாகப் போனேன். ஆடுகளைப் பார்த்ததும் அவன் உடம்பே மாறிவிட்டது. வயிறு தரையைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்தான். வலது முன்கால் அந்தரத்தில் நின்றது. கண் இமைக்கவில்லை. கிடைக்கு வெளியே நின்ற ஒரு கிடாய் அந்தப் பார்வையைக் கண்டு தானாகவே மந்தைக்குள் போய்ச் சேர்ந்துகொண்டது. நான் கையில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நடுங்கினேன். கோனார் கம்பை ஊன்றிப் பார்த்துக்கொண்டே நின்றார். "இது கடிக்கிற பார்வை இல்ல தாயி. மடக்கப் பாக்கான்" என்றார். அவருடைய நாய்கள் இரண்டும் வரப்பில் சுருண்டு கிடந்தன. அவற்றுக்கு ராத்திரி நரிக்கும் திருடனுக்கும் காவல் இருப்பதுதான் வேலை, ஆட்டை ஓட்டுவது மனுஷன்.

எனக்கு அன்றைக்குத்தான் விளங்கிற்று. முற்றத்தில் அவன் செய்ததும் இதுவேதான், அங்கே ஆடு இல்லை, பிள்ளைகள் இருந்தார்கள். ஓநாய் இரையைப் பார்க்கும், பதுங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே இருக்கிற மேட்டு நிலத்து மேய்ப்பர்கள் முதல் மூன்றையும் வைத்துக்கொண்டு கடைசியை அமுக்கிவிடும்படி தலைமுறை தலைமுறையாக நாயைப் பொறுக்கி எடுத்தார்கள். 1893இல் அங்கே பிறந்த ஹெம்ப் என்ற நாயைத்தான் பார்டர் கோலிகளுக்கெல்லாம் பாட்டன் என்கிறார்கள். உன் ராஜாவும் வேறில்லை. ஷெப்பர்ட் என்றாலே மேய்ப்பன்தானே. 1899இல் ஜெர்மனியில் ஸ்டெபனிட்ஸ் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி அந்த இனத்துக்குச் சங்கம் ஆரம்பித்தபோது அவர் மனதில் இருந்தது மந்தைக்கு உழைக்கிற நாய். ஆடு பயிருக்குள் இறங்காமல் வயலோரமாக மேலும் கீழும் ஓடி வேலி மாதிரி நிற்பது அதன் வேலை. அதனால்தான் வாசலுக்கும் பால்காரருக்கும் நடுவே ராஜா அப்படி ஓடுகிறான்.

குரைப்பு கூடிக்கொண்டே போனதற்கும் காரணம் உண்டு. தபால்காரர் வருகிறார், இவன் குரைக்கிறான், அவர் போய்விடுகிறார். அவர் போனது தபாலைக் கொடுத்துவிட்டதால் என்று நமக்குத் தெரியும். அவன் கணக்கில் அது அவன் ஜெயித்தது. வருஷத்துக்கு முந்நூறு நாள் ஜெயிக்கிறவன் எப்படி விடுவான்? நாம் கத்துவதும் அவனுக்குக் கூடச் சேர்ந்து குரைப்பதாகத்தான் படும்.

ஐப்பசியில் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனேன். காது, பல், இடுப்பு எல்லாம் பார்க்கச் சொன்னேன், ஏனென்றால் வலி இருக்கிற நாய்க்கு எரிச்சல் அதிகம். நீயும் முதலில் அதைச் செய். உண்ணிக்கு மருந்து கொடுத்தால் அது ஐவர்மெக்டினா என்று கேட்டுக்கொள். கோலி வகையில் பலதுக்கும் ஷெப்பர்டில் சிலதுக்கும் பிறவியிலேயே அது ஒத்துக்கொள்ளாத குறை இருக்கும்.

அப்புறம் பத்தமடைக்குப் போய் ஒரு சாதாரணக் கோரைப்பாய் வாங்கி வந்தேன். தார்சாவின் உள்பக்கம், வாசல் தெரிகிற ஆனால் வாசலை மறிக்க முடியாத இடத்தில் விரித்தேன். கோழி ஈரலை வேகவைத்துச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டேன். இவர் வெளியே போய் கேட்டின் கொண்டியை, அதுதான் தாழ்ப்பாளை, மட்டும் ஒரு தட்டுத் தட்டுவார். ஆள் யாரும் வருவதில்லை. மணி வாயைத் திறப்பதற்குள் நான் ஒரு துண்டு ஈரலைப் பாயில் போடுவேன். தின்ன வேண்டுமானால் பாய்க்கு வந்தாக வேண்டும். மறுபடி கொண்டி, மறுபடி ஈரல். ஒரு தடவைக்குப் பத்துத் தட்டு, அதற்கு மேல் வேண்டாம், சலித்துவிடும். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. முதல் நாள் குரைத்துவிட்டுத்தான் வந்தான். குரைக்கும்போது கொடுக்கவில்லை, திட்டவும் இல்லை. மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்துவான் பார், அந்த இடைவெளியில் போட்டேன். பதினோராம் நாள் கொண்டி விழுந்த சத்தத்துக்கு வாசல் பக்கம் திரும்பாமல் பாய்க்கு ஓடி, அதன் மேல் நின்று என் முகத்தைப் பார்த்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

படுக்கவைப்பது அதற்கு அடுத்தது. இரண்டு மூச்சு நேரம், பத்து விநாடி, ஒரு நிமிஷம் என்று மெதுவாக நீட்டினேன். இவரே விருந்தாள் மாதிரி உள்ளே வருவார், அப்புறம் ஆச்சி வந்தாள், கடைசியில்தான் வெளியாள். அவசரப்பட்டு ஒரு நாள் நாலு பேரை ஒன்றாக வரவழைத்தேன், எல்லாம் கெட்டுப்போய் ஒரு வாரம் பின்னால் போக வேண்டியிருந்தது. இந்தக் காலம் முழுக்க வீட்டுக்குள்ளேயே லேசான நைலான் கயிறு கழுத்தில் கிடந்தது. ஒரு தடவைகூடக் காலைக் கவ்வுகிற வாய்ப்பு அவனுக்குக் கிடைக்கக் கூடாது, கிடைக்கக் கிடைக்க அது ருசியாகிவிடும். ஆனால் தூணில் சங்கிலி போட்டுக் கட்டாதே. கட்டிப்போட்ட நாய் வருகிறவரைப் பார்த்து இன்னும் வெறிகொள்ளும்.

வருகிறவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும், இதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. வீட்டுக்கு வந்தவரிடம் இப்படி நில், அப்படிப் பார்க்காதே என்று எப்படிச் சொல்வது? ஆனால் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதைக் குறைவு என்று இப்போது நினைக்கிறேன். நம் வீட்டுக்கு வருகிறவர் பயமில்லாமல் உட்கார வேண்டும் அல்லவா. கண்ணுக்குள் பார்க்க வேண்டாம், தலைக்கு மேலே கையை நீட்ட வேண்டாம், அவன் இல்லாத மாதிரி நேரே போய் உட்காருங்கள் என்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு மரம் விளையாட்டு. மணி சுற்ற ஆரம்பித்தால் கையைக் கட்டிக்கொண்டு மரமாக நின்றுவிட வேண்டும். ஓடாததை மடக்க அவனுக்குப் பிடிக்காது, விட்டுவிட்டுப் போய்விடுவான். பிள்ளைகளுக்கு இதைப் படித்துக்கொடுக்க அரை மணி நேரம் போதும். ஆனால் பிள்ளைகளையும் நாயையும் மட்டும் தனியே விட்டுவிட்டு நீ அடுப்படிக்குப் போகாதே, ஒரு நிமிஷம்கூட.

விருந்தாள் வருகிற நாளில் விடியற்காலை ஐந்து மணிக்கே கன்னடியன் கால்வாய்க்கரையில் நடக்கவிடுகிறேன். ஓடவைப்பதைவிட மோந்து பார்க்கவிடுவதுதான் அவனை அமைதியாக்குகிறது. ஒவ்வொரு புல்லையும் மோந்து முடிக்கிறவரை நின்றுகொண்டிருப்பேன். வெயில் ஏறிவிட்டால் போகாதே. தார்ரோட்டில் உன் புறங்கையை வைத்துப் பார், உனக்குச் சுட்டால் அவன் பாதத்துக்கும் சுடும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். ஹெல்மெட் போட்டவரைப் பார்த்தால் இன்னும் குரைக்கிறான். மேளமும் வேட்டும் அவனுக்கு ஆகாது. கொடை நடக்கும் மூன்று நாளும் பின்கட்டு அறையில் மின்விசிறியைப் போட்டு, எவர்சில்வர் கிண்ணத்தில் தயிர்சோற்றை உறையவைத்துக் கொடுத்து, கதவைச் சாத்திவிடப் போகிறேன். அவனால் முடியாத இடத்தில் அவனை நிறுத்துவது நியாயமில்லை.

பொங்கலுக்கு மதினி வந்தாள். பேரனையும் கூட்டிக்கொண்டு வந்தாள், கையை விடவே இல்லை. கொண்டி விழுந்தது, மணி பாய்க்கு ஓடிப் படுத்தான். வாலும் பின்னங்காலும் துடிக்கிறது, ஆனால் எழுந்திருக்கவில்லை, தாடையைப் பாயின் ஓரத்தில் அழுத்திக்கொண்டு அந்தப் பையனையே பார்க்கிறான். பையன் அவனாகவே கையைக் கட்டிக்கொண்டு மரமாக நின்றான். மதினி கொஞ்ச நேரம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "காப்பி போடு" என்றாள்.

வைகாசி முதல் செவ்வாய் கொடை. பேரப்பிள்ளைகள் லீவு முடியுமுன் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வா. தென்காசியிலிருந்து காலை வண்டியைப் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். வந்ததும் கேட்டின் கொண்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பத்து எண்ணுகிறவரை வெளியே நில். அப்புறம் உள்ளே வா.

அன்புடன்,
உன் காந்திமதி