கிறிஸ்துமஸ் கூடை வீட்டுலயே செய்யப் போறவங்களுக்கு நம்ம கடையோட மடல்

நம்ம கடைக்கு வர்ற அக்கா, அண்ணன், அங்கிள், ஆன்ட்டி, தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம்.

நவம்பர் பொறந்ததுலேருந்து கடைல தினமும் இதே பேச்சுதான். இந்தத் தடவ ரெடிமேட் ஹேம்பர் வாங்காம வீட்டுலயே செஞ்சு கொடுக்கலாம்னு இருக்கோம், என்ன வைக்கலாம், எத்தன நாள் தாங்கும், எந்த பாட்டில் எடுக்கணும், கூடை என்ன சைஸ்னு ஆளாளுக்குக் கேக்குறீங்க. பின்னாடி க்யூ நிக்கும்போது கல்லால நின்னுக்கிட்டு இதுக்கெல்லாம் முழுசா பதில் சொல்ல முடியல, அதான் உக்காந்து எழுதிட்டோம். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், ஆனா சாமான் வாங்குறதுக்கு முன்னாடி ஒருக்கா படிச்சிருங்க, பொருள் வீணாகாது.

மொதல்ல ஒரு விஷயம். நெட்ல பாக்குற ஹேம்பர் ஐடியா முக்காவாசி குளிர் ஊர்க்காரங்க போடுறது. அவங்களுக்கு டிசம்பர்ல கேக்க அலமாரில வெச்சுட்டு மறந்தாக்கூட ஒண்ணும் ஆகாது. சிங்கப்பூர்ல நமக்கு டிசம்பர்னா வடகிழக்குப் பருவமழை, வெளிய கொட்டுது, வீட்டுக்குள்ள 25லேருந்து 30 டிகிரி வரைக்கும் சூடு, காத்துல ஈரம் பல நாள் 80 சதவீதத்துக்கு மேலயே நிக்கும். அந்த ஈரத்துல ஜிஞ்சர்பிரெட் வீடு கட்டி கூடைல வெச்சா சுவர் நமுத்து கூரை சரிஞ்சுடும், சர்க்கரை ஐசிங் வேர்த்துக் கசியும், முறுக்கு ஒரு ராத்திரி தொறந்து கெடந்தா ரப்பர் ஆயிடும். அதனால நம்ம கூடைக்கு எது சரி எது வேணாம்னு முடிவு பண்றது முதல்ல இந்த ஈரம்தான். ரெண்டாவது, அத வாங்கப் போற வீட்ல யாரு என்ன சாப்பிடுவாங்கங்கிறது. இந்த ரெண்டையும் வெச்சுப் பாத்தீங்கன்னா லிஸ்ட் தானா சின்னதாகும். நல்லா செஞ்ச மூணு பொருள் உள்ள கூடைய கொடுத்தாப் போதும், இடம் நிரப்புறதுக்காக எதையாவது திணிக்க வேணாம்னுதான் எங்க அபிப்பிராயம், கடைக்காரங்களே இப்படிச் சொல்றாங்களேன்னு நெனைக்காதீங்க, மனசார சொல்றோம்.

இப்ப கேக். பிளம் கேக் இல்லாம கிறிஸ்துமஸ் கூடையே இல்லன்னு சொல்றவங்க நெறைய பேர் இருக்கீங்க. ரம் இல்ல பிராந்தில பழம் ஊறப்போடுறவங்களுக்குப் பிரச்சனை இல்ல, நல்லா மூடின கண்ணாடி ஜார்ல பழம் முழுசும் மூழ்குற மாதிரி ஊத்தி வெச்சீங்கன்னா வெளியவே வாரக்கணக்குல இருக்கும், அந்த ஆல்கஹாலே காப்பாத்தும். ஆனா ஆரஞ்சு ஜூஸ், ஆப்பிள் ஜூஸ், கட்டித் தேத்தண்ணில ஊறப்போடுறவங்க தயவுசெஞ்சு அதே மாதிரி ஒரு மாசம் வெளிய வெச்சிராதீங்க. நம்ம சூட்டுக்கு அது புளிச்சு நுரைச்சுரும், இல்லாட்டி பூஞ்சை பிடிச்சுரும். ஜூஸ்ல போடுறதா இருந்தா பழத்தையும் ஜூஸையும் சேத்து லேசா ஒரு கொதி விட்டு, ஆற வெச்சு, ஃப்ரிட்ஜ்ல ஒரு ராத்திரி வெச்சாலே நல்லா உப்பிரும், மறுநாளே கேக் போட்டுரலாம். ரம் கேக் மூணு நாலு வாரம் முன்னாடியே செஞ்சு, இடையில கொஞ்சம் கொஞ்சமா ரம் ஊட்டி வெச்சா ருசி கூடும். ஜூஸ் கேக் அப்படி இல்ல, அத 20ஆம் தேதிக்கு அப்புறம் செய்ங்க, கொடுக்கும்போதே ஃப்ரிட்ஜ்ல வெச்சு சீக்கிரம் சாப்பிட்டுருங்கன்னு சொல்லிக் கொடுங்க.

ரம் இல்லாம செஞ்சா அது உண்மையான கேக்கான்னு ஒரு ஆன்ட்டி கவலையா கேட்டாங்க. தலச்சேரில 1883ல மாம்பள்ளி பாப்புங்கிற பேக்கரிக்காரர்கிட்ட ஒரு வெள்ளக்காரத் தோட்ட முதலாளி சீமை கேக் ஒண்ணக் கொடுத்து இதே மாதிரி செஞ்சு தான்னு கேட்டதாவும், சீமை பிராந்திக்குப் பதிலா நம்ம பக்கத்து முந்திரிப்பழச் சாராயத்தப் போட்டு அவர் செஞ்சதாவும் இன்னிக்கும் கேரளாவுல சொல்றாங்க. கையில கெடைச்சத வெச்சு செய்றதுதான் நம்ம பக்கத்துக் கேக்கோட வரலாறே, அதனால ஆரஞ்சுத் தோல் துருவி ஏலக்காயும் ஜாதிக்காயும் போட்டு செஞ்ச கேக்க தாராளமா பெருமையோட கொடுங்க.

முஸ்லிம் நண்பர்களுக்குக் கொடுக்கிறதுன்னா ரம் மட்டும் பாத்தா பத்தாது. வெனிலா எசன்ஸ்ல ஆல்கஹால் இருக்கா, மார்ஷ்மெலோலயும் ஜெல்லிலயும் எந்த ஜெலட்டின், கேக்குக்குப் போடுற கொழுப்பு எதுலேருந்து வருதுன்னு எல்லாத்தையும் லேபிள்ல பாக்கணும். உங்க வீட்டு அவன்ல பன்றி இறைச்சி சமைக்கிறீங்கன்னா, சில பேர் வாங்கிக்குவாங்க ஆனா சாப்பிடத் தயங்குவாங்க, அவங்கள தர்மசங்கடத்துல விடக்கூடாது. அந்த மாதிரி வீட்டுக்கு முயிஸ், அதாவது சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தோட ஹலால் முத்திரை போட்ட சீல் பிரிக்காத பேரீச்சம்பழம், பிஸ்கட், தேயிலைன்னு வெச்சு, உங்க கைப்பட ஒரு கார்டு எழுதி வைங்க, அதுவே நெறஞ்ச கூடைதான். சைவம் சாப்பிடுற வீடுன்னா முட்டையும் ஜெலட்டினும் இல்லாததா பாருங்க. சர்க்கரை வியாதி உள்ள பெரியவங்க வீட்டுக்கு வறுத்த முந்திரி, பாதாம், மொளகுத்தூள் தூவினது நல்லா இருக்கும், அவங்களும் ஒரு வாய் சாப்பிட்ட சந்தோஷம் இருக்கணும் இல்லையா. ஒரு வயசுக்குக் கீழ கொழந்த இருக்கிற வீட்டுக்குத் தேன் வெச்சா, இது கொழந்தைக்குக் கொடுக்கக்கூடாதுன்னு கட்டாயம் எழுதிருங்க.

பலகாரத்துல எங்க ஓட்டு அச்சு முறுக்குக்கும் கலகலாவுக்கும்தான். தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கத்து ஆளுங்க முந்திரிக்கொத்தும் சேத்துக்குவாங்க, அதுவும் ரொம்ப நல்ல தேர்வு, ரெண்டு மூணு வாரம் கூட நிக்கும். அச்சு முறுக்குல இன்னொரு வசதி, மலாய்க்காரங்க வீட்லயும் இதே பூ அச்சுலதான் சுடுவாங்க, அதனால பக்கத்து வீட்டு மக்சிக், அதான் மலாய்க்கார ஆன்ட்டிகிட்ட கொடுத்தா பாத்தவுடனே முகம் மலரும். கலகலாவ சீப்புலயோ முள் கரண்டிலயோ உருட்டுறது பிள்ளைங்க வேலை, டிசம்பர்ல ஸ்கூல் லீவுதானே, உக்கார வெச்சிருங்க. புது எண்ணெய்ல சுடுங்க, ரெண்டு மூணு தடவ காஞ்ச எண்ணெய்ல சுட்டா ஒரே வாரத்துல சிக்கு வாடை வந்துரும். சூடு முழுசா போனவுடனே டப்பால போட்டு மூடிருங்க, காலைல பேக் பண்ணிக்கலாம்னு ஜன்னல் தொறந்திருக்கிற ஹால்ல தட்டுல பரப்பி வெச்சுட்டுப் படுக்காதீங்க. சூடா இருக்கும்போது மூடுனாலும் உள்ள வேர்த்து நமுத்துரும், அந்த நடு நேரம்தான் கணக்கு. உணவுக்கு ஏத்த சிலிக்கா ஜெல் பாக்கெட் சின்னது கடைல இருக்கு, டப்பாவுக்கு ஒண்ணு போடுங்க, சாப்பிடுற பொருள் இல்லன்னு பாக்கெட்ல எழுதியிருக்கிறது மேல தெரியுற மாதிரி வைங்க.

அடுத்து பாட்டில்ல போடுறது, இதுலதான் நாங்க கொஞ்சம் கண்டிப்பா பேசுவோம், கோவிச்சுக்காதீங்க.

அன்னாசி ஜாம் நம்ம ஊருக்கு ரொம்பப் பொருத்தம். ஒரு கிலோ பழத்துக்கு 750 கிராம் சர்க்கரை, ரெண்டு எலுமிச்சை, ஒரு துண்டு பட்டை, நாலு கிராம்பு. அன்னாசில ஜாம இறுக்குற பெக்டின் கம்மி, அதனால எலுமிச்சையோட ஒரு பச்சை ஆப்பிளையும் துருவிப் போட்டா நல்லா கெட்டியாகும். தெர்மாமீட்டர் இருந்தா 105 டிகிரி வந்ததும் அடுப்ப அணைங்க, இல்லாட்டி ஃப்ரீசர்ல வெச்ச தட்டுல ஒரு சொட்டு விட்டு விரலால தள்ளிப் பாருங்க, சுருங்கினா ஆச்சு. சர்க்கரை அதிகம்னு பாதியா கொறைக்கிறவங்க இருக்கீங்க, ருசிக்கு அது சரிதான், ஆனா ஜாம் கெடாம இருக்கிறதே அந்த சர்க்கரையாலதான், கொறைச்சீங்கன்னா அது ஃப்ரிட்ஜ் ஜாம்னு எழுதிக் கொடுங்க. பாட்டில சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்கிற தண்ணில பத்து நிமிஷம் போட்டு எடுத்து, ஈரம் போனதும் பாட்டிலும் ஜாமும் ரெண்டுமே சூடா இருக்கும்போது ஊத்துங்க, விளிம்ப தொடச்சுட்டு மூடுங்க. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஓக்கே, ஆனா மூடி புதுசா இருக்கட்டும், உள்பக்கம் பூச்சு உரிஞ்ச தகர மூடிய வினிகரும் புளியும் அரிச்சுரும்.

எலுமிச்ச ஊறுகாய் போடுறவங்களுக்கு டிசம்பர்ல வெயில் எங்க கெடைக்கும்னு கவலை வேணாம், எலுமிச்சைய முழுசா ஆவில வேக வெச்சு, ஈரம் போகத் தொடச்சு, நறுக்கி உப்புல போட்டீங்கன்னா ரெண்டு வாரத்துல பதம் வந்துரும். கரண்டி, பாட்டில், கை எதுலயும் தண்ணி இருக்கக்கூடாது.

பூண்டு எண்ணெய், மொளகா எண்ணெய்னு அழகான பாட்டில்ல பச்சைப் பூண்டு மெதக்குற மாதிரி போட்டுக் கொடுக்கிறது இப்ப ஃபேஷனா இருக்கு. அத மட்டும் தயவுசெஞ்சு செய்யாதீங்க. பூண்டு மண்ணுக்குள்ள வெளையுறது, அதுல கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம்ங்கிற கிருமியோட விதை ஒட்டிக்கிட்டு இருக்கலாம், 100 டிகிரி கொதிக்க வெச்சாலும் அது சாகாது. எண்ணெய்க்குள்ள காத்து போகாது, பூண்டுல புளிப்பும் இல்ல, வெளிய சூடு வேற, அதுக்கு வேணுங்கிறதெல்லாம் அங்க இருக்கு. அது உண்டாக்குற விஷம் வாசனையிலயும் தெரியாது ருசியிலயும் தெரியாது, நரம்பத் தாக்கி உயிருக்கே ஆபத்தாயிடும். புளிப்ப அளக்குற பிஎச் எண் 4.6க்குக் கீழ இருந்தா, அதாவது புளிப்பு நல்லா இருந்தா, அந்தக் கிருமி வளராது, அதனாலதான் நம்ம பாட்டிங்க பூண்டு ஊறுகாய்ல புளியும் எலுமிச்சையும் வஞ்சன இல்லாம போட்டாங்க. வீட்டுல பிஎச் அளந்து பாக்க வழியில்லாதவங்க பூண்டு ஊறுகாயா இருந்தாலும் ஃப்ரிட்ஜ்லயே வெச்சுக் கொடுங்க. பூண்டு எண்ணெய் கேட்டு வர்றவங்களுக்கு பாட்டில் எடுத்துக் கொடுக்கும்போதே நாங்க இதச் சொல்லிடுறோம், வியாபாரம் போனாப் பரவாயில்ல.

ரொட்டில தடவுற காயா செய்றவங்களும் கவனிங்க, அது முட்டையும் தேங்காப்பாலும், வெளிய நிக்காது. 24ஆம் தேதி செஞ்சு நேரா ஃப்ரிட்ஜ்லேருந்து ஃப்ரிட்ஜுக்குப் போற மாதிரி பக்கத்து ப்ளாக்குக்குக் கொடுங்க, கூடைல வேணாம்.

குடிக்கிறதுக்கு இஞ்சி ஒயின். பேருதான் ஒயின், ஆல்கஹால் கெடையாது, பிள்ளைங்களும் குடிக்கலாம். 100 கிராம் இஞ்சிய நசுக்கி, பட்டை, கிராம்பு, ரெண்டு காஞ்ச மொளகாயோட ஒரு லிட்டர் தண்ணில நல்லா கொதிக்க விட்டு வடிகட்டணும். 750 கிராம் சர்க்கரைல ஒரு கைப்பிடிய தனியா எடுத்து செவக்கக் காச்சி நெறத்துக்கு ஊத்திட்டு, மீதிய அப்படியே கரைச்சுக்கணும், ஆறினதும் நாலு எலுமிச்சை பிழியணும். எலுமிச்சைல பாதிக்குப் பதிலா கலமான்சிங்கிற குட்டி எலுமிச்சைய பிழிஞ்சு பாருங்க, வாசனை அபாரம். குடிக்கும்போது ஒரு பங்குக்கு மூணு பங்கு தண்ணியோ சோடாவோ கலந்துக்கணும்னு லேபிள்ல போடுங்க, போடலன்னா அப்படியே குடிச்சுட்டு தொண்டை எரியுதும்பாங்க. ஃப்ரிட்ஜ்ல வெச்சா ரெண்டு மூணு வாரம் கவலையில்ல. திராட்சைய ஊற வெச்சுப் புளிக்க வைக்கிற நெசமான ஒயின் வேற விஷயம், இங்க லைசன்ஸ் இல்லாம மது விக்க முடியாது, அதனால ஆர்டர் எடுத்துக் கூடை செய்றவங்க அத எடுத்து வைக்காதீங்க. கேக், பலகாரம் எல்லாம் எச்டிபி அடுக்குமாடி வீட்டுலேருந்து சின்ன அளவுல செஞ்சு விக்க அனுமதி இருக்கு, சிங்கப்பூர் உணவு அமைப்போட சுத்தம் பத்தின வழிகாட்டிய மட்டும் படிச்சுக்குங்க.

நேரமே இல்லாதவங்களுக்கு ஒரு வழி. சுக்கு, ஏலக்காய், பட்டை, கொஞ்சம் மொளகு வறுத்துப் பொடிச்சு தேத்தூளோட கலந்து சின்ன ஜார்ல போடுங்க. ஈரம் படாம மூடினா மாசக்கணக்குல இருக்கும், ஒரு மணி நேர வேலைதான், மழைல நனைஞ்சு வீட்டுக்கு வர்றவங்களுக்கு இதவிட நல்ல பரிசு இருக்கிறதா எங்களுக்குத் தெரியல. ஆனா மசாலா ஜார கேக் பக்கத்துல ஒட்டி வைக்காதீங்க, வாசனை ஏறிரும்.

அடுக்குறது சுலபம். கனமான பாட்டில் அடியில பின்பக்கமா, சுத்தி கிழிச்ச காகிதம், அதுக்கு மேல டப்பா, நொறுங்குற பலகாரம் கடைசியா முன்னாடி. சுருங்குற பிளாஸ்டிக் போட்டு ஹேர் டிரையர் புடிக்கிறவங்க சாக்லேட் இருக்கிற பக்கம் புடிக்காதீங்க. ஒவ்வொண்ணுலயும் என்ன பொருள், என்னிக்கு செஞ்சது, எப்படி வைக்கணும், கடலை முந்திரி பால் முட்டை கோதுமை எது இருக்குன்னு எழுதிருங்க. ஊருக்குக் கொண்டு போறவங்க, ஜாமும் எண்ணெய் ஊறுகாயும் ஏர்போர்ட்ல திரவக் கணக்குதான், 100 மில்லிக்கு மேல கைப்பைல விடமாட்டாங்க, பெட்டிக்குள்ள துணி சுத்தி வைங்க.

கடைல இப்ப பிரம்புக் கூடை மூணு சைஸ்ல இருக்கு, ஜாம் பாட்டில், மூடி தனியா, அச்சு முறுக்கு அச்சு, உலர்ந்த பழம், லேபிள் எல்லாம் வந்தாச்சு. அச்சு புதுசா வாங்குறவங்க முந்தின நாளே எண்ணெய்ல போட்டுப் பழக்கிக்குங்க, இல்லாட்டி மாவு ஒட்டிக்கும். நீங்க செஞ்ச பொருளக் கொண்டு வந்தா கூடைய நாங்களே அடுக்கி கட்டிக் கொடுக்கிறோம், கூலி வேணாம், கூடையும் காகிதமும் இங்க வாங்கினாப் போதும். 22, 23 ரெண்டு நாளும் தேக்கா, அதான் லிட்டில் இந்தியா பக்கம் கூட்டம் தாங்காது, முடிஞ்சா அதுக்கு முன்னாடி காலைல வந்துருங்க. 24ஆம் தேதி மதியத்தோட மூடிருவோம், எங்க ஆளுங்கள்ல பாதி பேர் ராத்திரி ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலுக்குப் போகணும். பெரிய கூடை வேணுங்கிறவங்க முன்கூட்டியே கல்லால பேர் கொடுத்து வைங்க, அது கொஞ்சம்தான் வந்திருக்கு.

அன்போட,
உங்க கடைக்காரங்க