தங்கையின் கையெழுத்து

அன்புள்ள கதிரேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் தங்கையின் கணவரான மாப்பிள்ளை மறைந்து காரியங்கள்கூட முடியாத நிலையில், கடன் கொடுத்தவர்கள் திண்ணையில் வந்து அமர்ந்து, "புருஷன் வாங்கியதைப் பெண்டாட்டிதானே அடைக்க வேண்டும்" என்று கேட்பதாக எழுதியிருந்தாய். ஊர்ப்பேச்சு அப்படித்தான், சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

வங்கியில் கடன் பிரிவில் காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். திருமணமான ஒரே காரணத்தால் கணவரின் கடனுக்கு மனைவி பொறுப்பாவதில்லை. அவள் இணைக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்திட்டிருக்கிறாளா என்பதே கேள்வி. ஜாமீன் கையெழுத்து இருந்தால், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, வேறு நிபந்தனை எழுதப்படாதவரை, கடன் வாங்கியவருக்குள்ள முழுப் பொறுப்பும் அவளுக்கும் உண்டு. வீட்டுக் கடனில் வங்கிகள் தம்பதியர் இருவரையும் சேர்த்துக்கொள்வது வழக்கம். சென்ற மாதம் என் மகளும் மருமகனும் அப்படித்தான் கையெழுத்திட்டார்கள். ஆகவே அந்தக் காகிதங்களை முதலில் எடுத்துப் பார். புரோநோட்டில் சாட்சிக் கையெழுத்து மட்டும் இருந்தால் அஞ்ச வேண்டாம்.

கையெழுத்தே இல்லையென்றால், மாப்பிள்ளை விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் அவர்கள் வசூலிக்க முடியும். ஆனால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் ஒரு சிக்கல் உண்டு: கைக்கு வந்த சொத்துக்குக் கணக்குக் காட்ட இயலாவிட்டால், அந்த அளவுக்கு வாரிசின் சொந்தச் சொத்தின் மீதும் நடவடிக்கை வரும். எனவே அவர் பெயரிலுள்ள நிலத்தையோ வைப்புத்தொகையையோ அவசரப்பட்டுக் கரைத்துவிட வேண்டாம். அவளுடைய சம்பளமும் தாய்வீட்டுச் சீர் நகைகளும் அவளுக்கே உரியவை. அவளே கடன்பட்டிருந்தாலும்கூட, மத வழக்கப்படி பெண் பிரியக்கூடாத அணிகலனையும் சமையல் பாத்திரங்களையும் ஜப்தி செய்யலாகாது என்று 60ஆம் பிரிவு விலக்கி வைத்திருக்கிறது. வெள்ளைக்காரன் எழுதிய சட்டத்தில் தாலிக்கு இடம் கிடைத்தது எனக்கு என்றும் வியப்புதான்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறொன்று. வந்தவர்களில் ஒருவர், "புது நோட்டு ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தவணையாகக் கட்டட்டும்" என்றாராமே, அதற்கு மட்டும் எக்காரணம் கொண்டும் இசைய வேண்டாம். இதுவரை அவருடையதாக இருந்த கடன் அந்தக் கையெழுத்தால் இவளுடையதாகிவிடக்கூடும். பேச்சுவார்த்தை எதுவானாலும் வழக்கறிஞர் முன்னிலையில் நடக்கட்டும். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம்.

புரோநோட்டு நகல்களைக் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பி வை.

அன்புடன்,
சிவராமன்