அந்தப் பழுப்பு வயரைக் கழற்றிவிடு

அன்புள்ள பாப்பா,

நேற்று நீ அனுப்பிய படங்களை அம்மா நாலு தடவை பார்த்துவிட்டாள். படகுக்குள் இருக்கும் அந்தச் சின்ன அடுப்படி, ஜன்னலில் தெரியும் சியாட்டிலின் லேக் யூனியன் ஏரி, எல்லாம் அவளுக்குப் பிடித்துவிட்டது. நான்தான் ஐந்தாவது படத்தில் நின்றுவிட்டேன். படகுத்துறை மின்பெட்டியிலிருந்து தடித்த மஞ்சள் கேபிள் வருகிறது. படகின் சுவிட்ச் பேனல் வேலை இன்னும் முடியாததால் அதன் நுனியில் ஒரு அடாப்டர். அதிலிருந்து ஒரு பழுப்பு நிற எக்ஸ்டென்ஷன் வயர் கிளம்பி மெத்தைக்கு அடியில் போகிறது. அந்தப் பக்கம் உன் லேப்டாப், இரண்டு போன், மாப்பிள்ளையின் ரவுட்டர்.

"பெட்டியில் 30 ஆம்பியர், 50 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதேப்பா, அவ்வளவும் பாய்ந்து லேப்டாப் எரிந்துவிடாதா?" என்று கேட்டிருந்தாய். எரியாது. கல்யாணப் பந்தியில் அண்டா அண்டாவாகச் சோறு இருந்தாலும் உன் இலைக்கு நீ கேட்டதுதான் விழும். ஆம்பியர் என்பது அந்த அண்டா. கேட்காமலே வம்படியாகப் பரிமாறுகிற உன் பெரியத்தை மாதிரி ஆள் வோல்டேஜ்தான். 65 வாட் லேப்டாப் சார்ஜர் 120 வோல்ட்டில் இழுப்பது அரை ஆம்பியரைச் சற்றுத் தாண்டும். போன் சார்ஜர் அதிலும் கால்வாசி. எல்லாம் சேர்ந்தாலும் ஒரு ஆம்பியர் பக்கம்தான்.

நான் பயப்படுவது அந்தப் பழுப்பு வயருக்கு. துறைப் பெட்டியில் இருக்கும் 30 ஆம்பியர் பிரேக்கர், அதாவது அளவு மீறினால் தானே விழுந்து மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச், மஞ்சள் கேபிளைக் காப்பாற்ற வைத்தது. அந்தக் கேபிளின் செம்பு அமெரிக்கக் கணக்கில் பத்தாம் நம்பர் (நம்பர் கூடக் கூடக் கம்பி மெலியும்), நம் கணக்கில் ஐந்து சதுர மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். உன் பழுப்பு வயர் பெரும்பாலும் பதினாறாம் நம்பர், ஒன்றேகால் சொச்சம்தான். 13 ஆம்பியருக்கு மேல் அதற்கு ஆகாது. இப்போது கணக்குப் போடு. குளிர்காலம் வருகிறது. ஒரு 1500 வாட் ஹீட்டரை அதில் மாட்டுவாய், 12.5 ஆம்பியர். அப்புறம் டீ போட அதே அளவு கெட்டிலையும் மாட்டுவாய். மொத்தம் 25. துறை பிரேக்கருக்கு 25 என்றால் சும்மா. நாள் முழுக்க விட்டாலும் விழாது. ஆனால் அந்த மெல்லிய வயர் மீட்டருக்குப் பதினாறு வாட் சூட்டைக் கக்கும். ஐந்து மீட்டரைச் சுருட்டி மெத்தைக்கு அடியில் வைத்திருந்தால், 80 வாட் குண்டு பல்பை எரியவிட்டு அதன்மேல் படுத்த மாதிரி. வயருக்குள் அரைகுறை ஷார்ட் விழுந்தாலும் கதை இதேதான். அடாப்டரில் பிளக்கின் உருவம் மாறுமே தவிர, பிரேக்கர் மாறாது.

கப்பலில் என்னை 'பத்தி சாப்' என்றுதான் கூப்பிடுவார்கள், விளக்குக்காரர் என்று அர்த்தம். பெயர்தான் அப்படி, பாதி நாள் வேலை தீய்ந்த வயரைத் தேடுவதுதான். ஒரு தடவை டிரை டாக்கில், கப்பலைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பழுது பார்க்கும் இடத்தில், கரை மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்தோம். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு கேபினில் மீன் அழுகிய மாதிரி நாற்றம். பிளாஸ்டிக் சூடாகும்போது சில சமயம் அப்படித்தான் அடிக்கும். பங்க் படுக்கைக்கு அடியில் எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டி வைத்து ஹீட்டர் போட்டிருந்தார்கள். சுருள் உருகி ஒட்டி, முறுக்குப் பிழிந்த மாதிரி ஒரே கட்டியாகிவிட்டது. பிரேக்கர் விழவே இல்லை. அந்த வயரை மாட்டிக் கொடுத்தது யார் என்று உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நான்தான்.

அதனால் இன்றைக்கே அதைக் கழற்றிவிடு. துறைப் பெட்டியின் பக்கவாட்டில் சின்ன மூடி போட்ட சாதாரண 20 ஆம்பியர் சாக்கெட் ஒன்று இருக்கிறதா பார். பல துறைகளில் இருக்கும். டெஸ்ட், ரீசெட் என்று இரண்டு பொத்தானும் அதில் இருந்தால், ஐந்து மில்லி ஆம்பியர் அளவு கசிந்தாலே அது வெட்டிவிடும். அதிலிருந்து பன்னிரண்டாம் நம்பர் வெளிப்புற வயர் ஒன்று போதும். வயருக்கும் பிரேக்கருக்கும் பொருத்தம். இது பேனல் வேலை முடியும் வரைக்கும்தான். முடியும்போது படகு எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, கேபிள் நுழையும் இடத்துக்குப் பக்கத்திலேயே பேஸ், நியூட்ரல் இரண்டு கம்பியையும் சேர்த்து வெட்டும் 30 ஆம்பியர் மெயின் பிரேக்கர், அதோடு 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழும் பாதுகாப்பு, அதற்குப் பிறகு ஒவ்வொரு சாக்கெட் வரிசைக்கும் 15 ஆம்பியர் பிரேக்கர் போடச் சொல். என்னைக் கேட்டால் போனையும் ரவுட்டரையும் படகின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து, சின்ன ஃபியூஸ் வைத்து ஓட்டுவதே மேல். கரை மின்சாரம் பேட்டரி சார்ஜருக்கு மட்டும் போகட்டும்.

50 ஆம்பியர் சாக்கெட்டில் 240 வோல்ட் இருக்கிறது, ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்சியை அதில் ஓட்டலாமா என்று மாப்பிள்ளை கேட்டாராமே. அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே, ஆனால் வேண்டாம். அங்கே நாலு கம்பி: இரண்டு பேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். 240 கிடைப்பது இரண்டு பேஸுக்கு நடுவில். மிக்சியின் சுவிட்ச் ஒரு கம்பியைத்தான் வெட்டும். நிறுத்திய பிறகும் இன்னொன்றில் உயிர் இருக்கும். இன்னொன்றும் உண்டு. அந்த வரிசையில் நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால், லோடு குறைந்த பக்கத்தில் வோல்டேஜ் 120-ஐத் தாண்டி எகிறும். உன் லேப்டாப் சார்ஜரில் 100-240 என்று பொடி எழுத்தில் இருக்கும், அது பிழைத்துக்கொள்ளும். 120 மட்டும் போட்ட சாமான் போய்விடும். ரவுட்டர் அடாப்டரைத் திருப்பிப் படித்துப் பார்.

இனிமேல் சொல்வதை மாப்பிள்ளைக்கும் வாசித்துக் காட்டு. லேக் யூனியன் நல்ல தண்ணீர். கடலில் மின்சாரம் கசிந்தால் உப்புத் தண்ணீர் வழியாகவே பெரும்பாலும் போய்விடும். ஏரியில் அப்படி இல்லை. தண்ணீரைவிட மனித உடம்பு அதற்குச் சுலபமான வழி. பத்து மில்லி ஆம்பியர் போதும், கை கால் கேட்காமல் நீந்துகிறவர் மூழ்கிவிடுவார். வெளியில் காயம் எதுவும் தெரியாது. எர்த் முனையை ஒடித்துவிட்டு அடாப்டர் மாட்டுகிற பழக்கம் அங்கே யாருக்காவது இருந்தால், ஆபத்து அவர்களுக்கு மட்டும் இல்லை, பக்கத்துப் படகு ஆளுக்கும்தான். கோடையில் எவ்வளவு புழுங்கினாலும் துறைக்குப் பக்கத்தில் தண்ணீரில் இறங்காதே. யாராவது உள்ளே இருந்து "சுருக்கென்கிறது" என்று கத்தினால் பின்னாலேயே குதித்துவிடாதே. முதலில் மின்பெட்டியை அணை, மிதவையை எறி.

மாட்டுகிற வரிசை உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். துறை பிரேக்கரை அணைத்துவிட்டு, படகுப் பக்கத்தை முதலில் மாட்டு, துறைப் பக்கத்தை அப்புறம். கழற்றும்போது துறைப் பக்கம் முதலில். செருகியதும் திருகிப் பூட்டு. பூட்டாத பிளக் ஆடி ஆடியே கருகும். அரை மணி நேரம் கழித்து இரண்டு முனையிலும் பிளக்கின் வெளிப்பக்கத்தைப் புறங்கையால் தொட்டுப் பார். வெதுவெதுப்பு சரி, சுட்டால் உடனே அணைத்துவிடு.

அம்மா பருப்புப் பொடியும் கருவாடும் பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறாள். கருவாட்டை அனுப்பவிட மாட்டார்கள் என்று சொன்னால் கேட்கவில்லை.

நாளைக்குக் காலையில் பிரேக்கரை அணைத்து மஞ்சள் கேபிளைக் கழற்றி, பிளக்கின் மூன்று முனைகளையும் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. வெயிலில் எடு, ஃபிளாஷ் வேண்டாம். ஃபிளாஷ் போட்டால் கருகல் தெரியாது.

அப்பா
தூத்துக்குடி